மேல்வளவுத் தண்ணீர்

அத்தியாயம் பதினொன்று

மதில் வயிறு தள்ளி நிற்பதை முதலில் கண்டவள் கஜனிதான்.

விடிந்ததும் தேநீர்க் கோப்பையோடு, கட்டுகிற வீட்டை ஒருமுறை சுற்றி வருவது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. வளவின் மூலையில் போட்ட தகரக் கொட்டிலில்தான் அவளும் கணவன் வினோதனும் இப்போதைக்கு இருக்கிறார்கள். கொட்டிலை விட்டு வெளியே வந்தால் கண் தானாக வீட்டுப் பக்கம் போகும்.

இன்று போன கண் திரும்பவில்லை.

நேற்று மாலை வரை நேராக நின்ற மதில், நடுப்பகுதியில் கீழ்வளவுப் பக்கம் புடைத்திருந்தது. கையை வைத்துப் பார்த்தாள். கல் ஈரமாக, சில்லென்று இருந்தது. அடியிலிருந்து மேலே ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. சுட்டுவிரலை வைத்தாள். நகம் உள்ளே போனது.



அந்தக் காணியின் கதை தண்ணீரூற்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். வயல் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் அப்பா தன் காணியைப் பிரித்தபோது, மேலே சமதரையாக இருந்த பாதி அண்ணன் சிவராசாவுக்குப் போனது. கீழே சரிந்து விழுந்த பாதி கஜனிக்குச் சீதனம். "அதில ஆட்டைக் கட்டலாம், வீட்டைக் கட்டேலாது" என்று ஊர் சிரித்தது. அதையும் தனக்கே விடச் சொல்லி அண்ணன் கேட்டார். கஜனி மாட்டேன் என்றாள். அன்று நின்றுபோன பேச்சுத்தான் அண்ணனுக்கும் தங்கைக்கும். ஒரே வேலிக்கு இரண்டு பக்கமும் இருந்துகொண்டு, ஆளையாள் காணாதவர்கள் போல நடந்தார்கள்.

கஜனி சரிவோடு சண்டை பிடிக்கவில்லை. அதை வெட்டி இரண்டு தட்டாக்கினாள். மேல்தட்டில் சமைக்கக் குசினியும் ஒரு அறையும். படியிறங்கினால் கீழ்த்தட்டில் ஹோலும் விறாந்தையும். கீழ்த்தட்டுக்கு மண் நிரப்ப வேண்டியிருந்தது. அந்த மண்ணைத் தாங்கத்தான் கீழ் எல்லையில் இந்த மதில்.

மதிலுக்கு அந்தப் பக்கம், ஒரு ஆள் கையை நீட்டினால் தொடக்கூடிய தூரத்தில், ஹவ்வா உம்மாவின் வீடு. அதன் பின் அறையில்தான் மருமகள் றிஸ்னா படுப்பாள். அவளுக்கு நிறைமாதம்.

போன மழைக்குக் கஜனியின் புது மண் கரைந்து அந்த வீட்டுக் குசினிக்குள் சேறாக நின்றது. விடுமுறையில் வந்திருந்த ஹவ்வா உம்மாவின் மகன் றிபாஸ், வினோதனின் சட்டைக் கொலரைப் பிடித்துவிட்டான். "இன்னொருக்கா உங்கட மண் எங்கட வளவுக்குள்ள வந்தா இந்த வீடு எழும்பாது" என்று சொல்லிவிட்டுத்தான் கொழும்புக்கு வேலைக்குத் திரும்பினான்.

இப்போது வரப்போவது வெறும் மண் இல்லை. மதிலோடு சேர்த்து.

மேசன் பிரசாந்தன் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு வந்தான். மதிலைப் பார்த்ததும் அவன் வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பினான்.

"பெஞ்ச மழைத் தண்ணி மண்ணுக்குள்ள நிக்குது அக்கா. அடியில பைப் வச்சுத் தண்ணிக்கு வழி விட்டிருக்க வேணும். அது என்ர பிழை."

"விழுமோ?"

"வெயில் எறிச்சா நிக்கும். இன்னொரு மழை வந்தா..." அவன் றிஸ்னாவின் அறைக் கூரையைப் பார்த்தான். பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "இப்ப ஒருத்தருக்கும் சொல்லாதைங்கோ. சீமெந்தைக் குழைச்சு வெடிப்பை மூடி விடுறன். தெரிஞ்சா வேலையை மறிச்சுப்போடுவினம். பிறகு எப்ப கட்டுறது?"

கஜனி பதில் சொல்வதற்குள் கைப்பேசி அடித்தது. வினோதன். முல்லைத்தீவிலிருந்து வவுனியா போகும் தனியார் பஸ் அவன் ஓட்டுவது. விடியவே கிளம்பியிருந்தான்.

"கஜனி, நான் புளியங்குளத்தில நிக்கிறன். இஞ்ச மழை எண்டா மழை, றோட்டே தெரியேல்லை. காத்து உங்காலதான் இழுக்குது. சீமெந்து மூட்டையளை மூடிவை."

அவள் மதிலைப் பற்றிச் சொன்னாள். 

"நான் திரும்பி வரப் பின்னேரமாகும்" என்றான். "என்ன செய்யப் போறாய்?"

"முதல் ஹவ்வா உம்மாட்டப் போறன்."

"அவா றிபாசுக்குச் சொல்லுவா."

"சொல்லட்டும். அந்த அறையில றிஸ்னா படுத்திருக்கிறாள்."

 "சரி, போ. உனக்குச் சரியெண்டு படுறதைச் செய். என்னைக் கேட்டுக்கொண்டு நிக்காதை."

கஜனி கோப்பையை மதிலில் வைத்தாள். வைத்தவள் நினைத்துக்கொண்டு திரும்ப எடுத்துத் தரையில் வைத்தாள். இனி ஒரு கோப்பைப் பாரம்கூட அந்த மதிலுக்குக் கூடாது என்று பட்டது.

ஹவ்வா உம்மா முற்றத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தா. வேலிப் படலையில் நின்றவளைக் கண்டும் கோடாலி நிற்கவில்லை.

"என்ன, மிச்ச மண்ணையும் அனுப்பப் போறியா?"

"மதில் தள்ளியிருக்கு ஹவ்வா உம்மா. றிஸ்னாவை முன் அறைக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. இப்பவே."

கோடாலி விறகிலேயே நின்றது. ஹவ்வா உம்மா எழுந்து, வீட்டைச் சுற்றிப் பின்னால் போனா. கஜனியும் பின்னால் போனாள். இந்தப் பக்கம் நின்று பார்த்தபோது மதில் இன்னும் பயங்கரமாக இருந்தது. மேலே இருந்து யாரோ தோளைக் கொடுத்துத் தள்ளுவது போல.

"யா அல்லாஹ்" என்றா ஹவ்வா உம்மா.  உள்ளே போய் றிஸ்னாவைக் கையைப் பிடித்து மெல்ல நடத்தி முன் அறையில் இருத்தினா. தலையணையையும் கொண்டுபோய்க் கொடுத்தா. பிறகு கைப்பேசியை எடுத்து மகனுக்கு அடித்தா. "மதில் சரிஞ்சிருக்கு மகன். ஓம், அந்த மதில்தான். றிஸ்னா முன்னுக்கு இருக்கிறா. நீ வா."

வைத்துவிட்டுக் கஜனியை நேராகப் பார்த்தா.

"நீ மறைச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"ஓம்."

"பிறகு ஏன் வந்து சொன்னாய்?"

"மழை வருதாம்."

ஹவ்வா உம்மா தலைத்துணியை இறுக்கி முடிந்தா. "அவன் வரப் பின்னேரமாகும். அதுக்கு முதல்ல மழை வந்திரும். என்ன செய்யவேணும், அதைச் சொல்லு."

பின்னாலேயே வந்து சேர்ந்த பிரசாந்தன்தான் சொன்னான். இந்தப் பக்கத்திலிருந்து மதிலுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். அடியில் துளை போட்டு உள்ளே நிற்கிற தண்ணீரை இறக்க வேண்டும். இரண்டையும் செய்தாலும், மேலே சிவராசாவின் முற்றத்திலிருந்து இறங்கி வருகிற மழைத்தண்ணீரை மறித்து ஒழுங்கைப் பக்கம் திருப்பாவிட்டால் பிரயோசனம் இல்லை. மண் திரும்பவும் ஊறும், மதில் போகும்.

"முட்டுக்கு மரம்?" என்று கேட்டாள் கஜனி.

"எங்கட கூரைக்கு வாங்கின பனந்தீராந்தி கிடக்கு" என்றா ஹவ்வா உம்மா. "எடுங்க."

"உங்கட வளவுக்குள்ளதான் அந்தச் சேத்துத் தண்ணி பாயும்" என்று கஜனி நினைவூட்டினாள்.

"சொல்லிப்போட்டுப் பாயுற தண்ணியை நான் பாத்துக்கொள்ளுறன். நீ மேல் தண்ணிக்கு வழியைப் பாரு."

மேல் தண்ணி. கஜனி நிமிர்ந்து பார்த்தாள். மேற்கே வானம் கறுக்கத் தொடங்கியிருந்தது. அதற்குக் கீழே அண்ணனின் வேலி, அண்ணனின் தேசிக்கன்று வரிசை, அண்ணனின் வீடு.

அண்ணன் வளவுப் படலையைத் திறந்தபோது கொண்டி கிறீச்சிட்டது. அதைக் கேட்டு எத்தனை காலம். குசினி வாசலில் நின்ற மச்சாள் தர்மிளா, கையில் இருந்த சுளகோடு அப்படியே நின்றுவிட்டாள். சிவராசா முற்றத்தில் குந்தியிருந்து ஒழுகிய தண்ணீர்க் குழாய்க்குச் சைக்கிள் ரியூப் சுற்றிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அண்ணா."

குழாய் மட்டும் திரும்பியது.

"எல்லையோட ஒரு வாய்க்கால் வெட்டவேணும். உங்கட பக்கத்தில. தேசிக்கண்டு வரிசை நிக்கிற இடத்தில."

"என்ர தேசியைப் பிடுங்கிப்போட்டோ?"

"மதில் தள்ளுது அண்ணா. கீழ றிஸ்னா..."

"அண்டைக்கே சொன்னனான். அந்தச் சரிவு வீட்டுக்கு உதவாது, எனக்கு விடு எண்டு. கேட்டியே? இப்ப வாய்க்கால் வேணுமெண்டா உன்ர காணிக்குள்ள வெட்டு."

"என்ர காணிக்குள்ள குசினி அத்திவாரம் நிக்குது. எல்லை வரைக்கும்."

"அது உன்ர பாடு."

"தண்ணி உங்கட முத்தத்தில இருந்துதான் வருது."

"தண்ணி பள்ளத்துக்குத்தான் போகும். நான் அதைத் தோளில தூக்கிக்கொண்டு வேற பக்கம் போகேலுமே?"

தர்மிளா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சிவராசா திரும்பிப் பார்க்க, அடங்கிவிட்டாள். கஜனி இன்னொரு வார்த்தை கேட்கவில்லை.  அழ நேரமில்லை. காற்றில் மண்வாசனை வந்துவிட்டது.

திரும்பி வந்தவள் கொட்டிலுக்குள் போய் அலவாங்கை எடுத்தாள். நேரே மேல்தட்டுக்கு ஏறினாள்.

அந்த வீட்டிலேயே அவளுக்குப் பிடித்த இடம் குசினிதான். காலை வெயில் வந்து விழுகிற பக்கம் பார்த்து யன்னலுக்கு இடம் விட்டிருந்தாள். அத்திவாரக் கல்லில் பாதி அவளும் வினோதனும் கையால் தூக்கி ஏற்றியவை. கல் ஏற்றிவருகிற உழவுமெசின் அந்தச் சரிவில் ஏறாது.

"அக்கா!" கீழே முட்டு வைத்துக்கொண்டிருந்த பிரசாந்தன் ஓடிவந்தான். "என்ன செய்யிறியள்?"

"வாய்க்கால் வெட்டுறன். குசினிக்குள்ளால போகட்டும்."

"அப்ப குசினி?"

"கொட்டிலுக்குள்ள சமைச்சுப் பழகிட்டன். நீ போய் முட்டுக் குடுக்கிறதைப் பார்."

முதல் கல் இலேசில் வரவில்லை. அலவாங்கைக் கொடுத்து நெம்பினாள். சாந்து உடைந்து, கல் புரண்டு விழுந்த சத்தம் மூன்று வளவுக்கும் கேட்டிருக்கும். இரண்டாவது கல். மூன்றாவது. உள்ளங்கையில் தோல் உரிந்து எரிந்தது. ஒழுங்கையால் போன சனம் நின்று பார்க்கத் தொடங்கியது. கட்டுகிற வீட்டைக் கட்டுகிறவளே உடைப்பதை யார் கண்டார்கள்?

"நிப்பாட்டு!"

வேலிக்கு மேலால் சிவராசாவின் முகம் தெரிந்தது.

"ஆருக்குக் காட்டுறாய்?"

"ஒருத்தருக்கும் காட்டேல்லை அண்ணா." அவள் அடுத்த கல்லுக்கு அலவாங்கைக் கொடுத்தாள். "தள்ளி நில்லுங்கோ. கல்லுத் தெறிக்கும்."

அவர் தள்ளி நிற்கவில்லை.  அவருக்குப் பின்னால் 'தொப்' என்று ஒரு சத்தம் கேட்டது. திரும்பினார்.

தர்மிளா மண்வெட்டியோடு முதல் தேசிக்கன்றின் அடியைக் கொத்திக்கொண்டிருந்தாள்.

"தர்மிளா! விசரே உனக்கு?"

"இது மரமோ, கண்டுதானே. கிளப்பி அங்கால வச்சா வளரும்." அவள் கையை நிறுத்தவில்லை. "அந்த அறையில பிள்ளைத்தாச்சி படுக்கிறவள். நானும் ரெண்டு பெத்தனான். உங்கட கோபத்தை மழை விட்டாப் பிறகு எடுங்கோ, இப்ப ஏலாது."

கஜனி அலவாங்கோடு நிமிர்ந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தர்மிளா அண்ணனுக்கு மேலால் ஒரு சொல் சொல்லி அவள் கேட்டதில்லை.

சிவராசா மனைவியைப் பார்த்தார். தங்கையின் கையிலிருந்து அலவாங்கில் வழிந்திருந்த இரத்தத்தைப் பார்த்தார். தூரத்தில் வானம் முழங்கியது.

"அப்பிடிக் கொத்தினா வேர் அறுந்துபோகும்" என்றார் எரிச்சலோடு. "தா இஞ்ச."

மண்வெட்டியைப் பறித்து, கன்றைச் சுற்றி வட்டமாக வெட்டி, மண் உருண்டையோடு ஒரே தூக்கில் கிளப்பித் தர்மிளாவின் கையில் கொடுத்தார். இரண்டாவதையும் அப்படியே. மூன்றாவதுக்கு வந்தபோது தலையைத் திருப்பாமலே கத்தினார்.

"பிரசாந்தன்! அந்தக் கல்லுகளைத் தூக்கி இருந்த இடத்தில வையடா. குசினி இல்லாத வீடு என்ன வீடு?"

கஜனிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அதைப் புறங்கையால் துடைத்ததில் முகமெல்லாம் சேறானது.

பிறகு யார் யாருக்கு என்ன சொன்னார்கள் என்றே தெரியாது. வாய்க்கால் எல்லையோடு ஓடியது. சிவராசா முன்னால் வெட்ட, கஜனி பின்னால் மண் அள்ளினாள். தர்மிளா தேசிக்கன்றுகளை வாளித் தண்ணீருக்குள் நிறுத்திவிட்டு வந்து சேர்ந்தாள். வேடிக்கை பார்த்தவர்களில் இரண்டு பேர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஒழுங்கைப் பக்கத்திலிருந்து வெட்டிவந்தார்கள். கீழே பனந்தீராந்திகள் மதிலில் சாய்ந்து இறுகின.

"துளை போடுறன்!" என்று பிரசாந்தன் குரல் கொடுத்தான்.

உளி கல்லுக்குள் இறங்கி மறுபக்கம் போனதும் மண்ணிறத் தண்ணீர் பீறிட்டு அவன் மார்பில் அடித்தது. ஹவ்வா உம்மா மண்வெட்டியோடு தயாராக நின்றா. தன் முற்றத்துக்குக் குறுக்கே தானே கீறிவைத்த கானுக்குள் அந்தத் தண்ணீரைத் திருப்பினா. அடுத்த துளை. அதற்கடுத்தது. ஒவ்வொன்றாகத் தண்ணீர் கக்கியது. மதில் மூச்சு விட்டது போல இருந்தது கஜனிக்கு.

வாய்க்காலின் கடைசி முழத்தை வெட்டும்போது மழை விழுந்தது.

தூறலாக வரவில்லை. ஒரே கொட்டாகக் கொட்டியது. யாரும் கொட்டிலுக்குள் ஓடவில்லை. எல்லோரும் நனைந்துகொண்டே சிவராசாவின் முற்றத்தைப் பார்த்து நின்றார்கள். அங்கே தண்ணீர் சேர்ந்தது, நுரைத்தது, வழக்கமான வழியில் கஜனியின் காணியை நோக்கி இறங்கியது. புது வாய்க்காலின் விளிம்புக்கு வந்தது. ஒருகணம் தயங்கியது.

"திரும்புது!" சிவராசா மண்வெட்டியைத் தலைக்கு மேல் தூக்கினார். "கஜனி, திரும்புதடி! பார்!"

தண்ணீர் திரும்பியது. தேசிக்கன்று நின்ற குழிகளை நிரப்பி, எல்லையோடு ஓடி, ஒழுங்கைக் கானுக்குள் விழுந்தது. அந்தப் பக்கம் நின்ற சனம் ஆரவாரம் செய்தது. தர்மிளா கஜனியைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். இருவரும் வழுக்கிச் சேற்றுக்குள் இருந்துவிட்டார்கள். இருந்தபடியே சிரித்தார்கள்.

மழை அடித்து ஓய்ந்தபோது மதில் நின்றது. புடைப்பு அப்படியேதான் இருந்தது. வெயில் கண்டபின் அந்தத் துண்டைப் பிரித்து, பைப் வைத்துத் திரும்பக் கட்டவேண்டும். ஆனால் ஒரு கல்கூட நகரவில்லை. ஹவ்வா உம்மாவின் குசினிக்குள் ஒரு பிடி சேறு போகவில்லை.

ஹவ்வா உம்மா ஒரு பெரிய சட்டிச் சோறும் மீன் ஆணமும் ஆக்கி, வாசலில் வைத்துக் கூப்பிட்டா. "எல்லாரும் கையைக் கழுவுங்க. சிவராசா, நீயும்தான். வெக்கப்படாத."

அப்போதுதான் பெரிய றோட்டில் வினோதனின் பஸ் ஹோர்ன் அடித்து நின்றது. பயணிகளை உள்ளே இருத்திவிட்டு அவன் ஒழுங்கைக்குள் ஓடிவந்தான். மதிலைப் பார்த்தான். வாய்க்காலைப் பார்த்தான். மச்சான் சிவராசா தங்கள் வீட்டு வளவுக்குள் வந்து கை கழுவிக்கொண்டு நிற்பதைப் பார்த்தான். கஜனியிடம் வந்தான். அவளுடைய உரிந்த கையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அவனுக்குப் பின்னால் பையோடு வந்தவன் றிபாஸ். கொழும்பிலிருந்து வந்து, வவுனியாவில் ஏறிய பஸ் அதுதான்.

 றிபாஸ் நேரே மதிலடிக்குப் போனான். துளைகளில் இன்னும் சொட்டிய தண்ணீரைத் தொட்டுப் பார்த்தான். முட்டாக நின்ற தங்கள் வீட்டுத் தீராந்திகளைப் பார்த்தான்.

"விடியவே வந்து சொன்னது அவள்தான்" என்றா ஹவ்வா உம்மா. "முதல் உன்ட பொஞ்சாதியைப் போய்ப் பாரு. முன் அறையில சுகமா இருக்கிறா."

பெரிய றோட்டில் கொண்டக்டர் விசில் அடித்தான். வினோதன் கையை விட்டான். "முல்லைத்தீவில பஸ்ஸை விட்டிட்டு வாறன்" என்று சொல்லிக்கொண்டே ஓடினான். ஓடும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தது அவளையல்ல, றிபாசை.

றிபாஸ் வீட்டுக்குள் போய், சிறிது நேரத்தில் முகம் தெளிந்து வெளியே வந்தான். கஜனிக்கு முன்னால் வந்து நின்றான்.

"கஜனி அக்கா, அண்டைக்கு நான் கை வச்சது பிழை. பஸ்ஸுக்குள்ள வச்சே வினோதன் அண்ணன்ட சொல்லிட்டன்." கட்டுகிற வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். "அவரும் எனக்கிட்ட ஒரு விசயம் சொன்னார். இந்த வீட்டைப் பத்தித்தான். உங்களுக்கு இன்னும் தெரியாதாம்."

 சோற்றுச் சட்டிக்கு நீண்ட சிவராசாவின் கை பாதி வழியில் நின்றது.

கஜனி றிபாசைப் பார்த்தாள். காலையில் என்றால் நெஞ்சு பதறியிருக்கும். இப்போது பதறவில்லை.

"அவர் வரட்டும் றிபாஸ். என்னவெண்டாலும் அவர் வாயாலயே சொல்லட்டும்" என்றாள். ஒரு தட்டில் சோற்றைப் போட்டு அவன் கையில் கொடுத்தாள். "நீங்கள் இப்ப சாப்பிடுங்கோ. சாப்பிட்டிட்டு வந்து அந்த நடுத் தீராந்தியை இன்னும் கொஞ்சம் இறுக்கித் தாங்கோ. என்ர மதில் இண்டைக்கு இரவு நிமிர்ந்து நிக்கவேணும்."